கை ஆபரேஷனுக்குப் பிறகு முழுசா குணமாகிட்டோமா? எக்ஸ்ரே காட்டாததைச் சொல்லும் 11 கேள்விகள்

தையல் பிரிச்சாச்சு. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கு. 'சரியாகிடுச்சு' என்கிறார் டாக்டர். ஆனால் வீட்டுக்கு வந்தால் ஊறுகாய் பாட்டில் மூடியைக்கூட திருக முடியலை. புதுப்பட்டினத்தில் வலை இழுப்பவருக்கும், மாமல்லபுரத்தில் உளி பிடிப்பவருக்கும் இது வெறும் வலி இல்லை, வருமானப் பிரச்னை.

இந்த இடைவெளியை அளக்கத்தான் நோயாளியே பதில் சொல்லும் கேள்வித்தாள்கள் வந்தன.

செங்கல்பட்டில் தொடங்கிய கதை

1947-ல் செங்கல்பட்டு திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு வந்தார் டாக்டர் பால் பிராண்ட். மடங்கிப்போன விரல்கள் கொண்ட ஒருவரிடம் கை கொடுத்தபோது, பிடி இறுக்கமாக இருந்தது. சில தசைகள் நன்றாகவே வேலை செய்கின்றன என்று அவருக்குப் புரிந்தது. அதன் பிறகு வேலூர் சி.எம்.சி.யில் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

ஆனால் ஆபரேஷன் முடிந்த சிலர் திரும்பி வந்து, 'கை நல்லாகிட்டதால பிச்சை கிடைக்கலை' என்று முறையிட்டார்கள். டாக்டர் கணக்கில் வெற்றி, நோயாளி வாழ்க்கையில் நஷ்டம். அதனால்தான் தொழில் கற்றுத்தர தனி மையமே தொடங்க வேண்டியிருந்தது.

என்ன கேட்பார்கள்?

உலக அளவில் அதிகம் பயன்படுவது 'டாஷ்'. 1996-ல் வந்தது, 30 கேள்விகள். அதன் சுருக்கம்தான் 11 கேள்விகள் கொண்ட 'குவிக்-டாஷ்'. கடந்த ஒரு வாரத்தில் இறுக்கமான மூடியைத் திறக்க முடிந்ததா, கடைப் பையைத் தூக்க முடிந்ததா, முதுகு தேய்க்க முடிந்ததா, வலியால் தூக்கம் கெட்டதா என்று போகும். சிரமமே இல்லை என்றால் 1, முடியவே இல்லை என்றால் 5.

கணக்கு சுலபம். மொத்தம் 33 வந்தால் சராசரி 3. அதில் 1 கழித்து 25-ஆல் பெருக்கினால் 50. பூஜ்யம் என்றால் சிரமம் இல்லை, 100 என்றால் முழுச் சிரமம். இங்கே மார்க் குறைந்தால்தான் பாஸ்! ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதைப் பெரிசா எடுத்துக்க வேண்டாம்.

தொழுநோயாளிகளுக்கு 20 கேள்விகளுடன் 'சால்சா' இருக்கிறது. சூடான பாத்திரத்தைப் பிடிப்பது, ஊசியில் நூல் கோப்பது, சட்டைப் பொத்தான் போடுவது வரை கேட்கும். உணர்ச்சி இல்லாத கைக்கு வலி தெரியாது. அதனால் 'காயமாகும் என்று தவிர்க்கிறேன்' என்ற பதிலுக்கும் அதில் இடம் உண்டு.

எங்கே ஏமாறலாம்?

'டாஷ்' எந்தக் கையால் செய்தீர்கள் என்று பார்ப்பதில்லை. வலது கை ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாவற்றையும் இடது கையால் சமாளித்தால் மார்க் நன்றாகவே வரும். அதனால் ஒரே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது: 'நல்ல கை 100 என்றால், இந்தக் கை இன்றைக்கு எவ்வளவு?'

பதிலைத் தேதியோடு நோட்டில் எழுதி, அடுத்த செக்-அப்பில் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டலாம். ஆனால் விரல் வெளுத்தாலோ நீலமானாலோ, புதிதாக மரத்துப்போனாலோ, சீழும் காய்ச்சலும் வந்தாலோ மார்க் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.