வானவில் நிறத்தில் கொதிக்கும் குளம்... குழந்தைகளோடு யெல்லோஸ்டோன் போறீங்களா? இதை முதல்ல படிங்க!

குளத்தைப் பார்த்தால் குழந்தைகள் முதலில் கையைத்தான் விடுவார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. இங்கு கரடி தாக்கி இறந்தவர்களைவிட, வெந்நீர் ஊற்றுகளில் வெந்து இறந்தவர்கள்தான் அதிகம். இதுவரை 20 பேருக்கு மேல்!

கீசர் என்றால் என்ன?

பாத்ரூம்ல இருக்கும் ஹீட்டர் ஞாபகம் வருதா? அதற்கே பெயர் இதிலிருந்து வந்ததுதான். ஐஸ்லாந்தில் உள்ள 'கெய்சிர்' என்ற ஊற்றுதான் மூலம். பூமிக்கடியில் எரிமலைச் சூட்டில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகிறது. ஆனால் மேலே வரும் பாதை குறுகலாக இருப்பதால் அழுத்தத்தில் அடங்கிக் கிடக்கும். கொஞ்சம் தண்ணீர் மேலே வழிந்ததும் அழுத்தம் குறையும். உடனே உள்ளே இருப்பது நீராவியாகி, மொத்தமாகப் பீறிட்டு வெளியே வரும். இந்தப் பூங்காவின் 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' கீசர், சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை 100 அடிக்கு மேல் பீய்ச்சி அடிக்கும். அடுத்து எப்போது என்பதை அங்கேயே அறிவிப்பார்கள்.

இந்த நிறம் எப்படி வந்தது?

சாயம் இல்லைங்க, உயிர்! 'கிராண்ட் பிரிஸ்மாட்டிக்' ஊற்று 300 அடிக்கு மேல் அகலமானது. நடுவில் வெப்பம் சுமார் 87 டிகிரி செல்சியஸ். அங்கே நிறம் தரும் நுண்ணுயிர்கள் வாழ முடியாததால், ஆழமான தெளிந்த நீர் நீலமாகத் தெரிகிறது. ஓரத்துக்கு வர வர சூடு குறையும். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு வகை நுண்ணுயிர் படர்வதால் மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என வளையங்கள் உருவாகின்றன.

கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பி.சி.ஆர் தொழில்நுட்பத்துக்குக் கைகொடுத்த நொதியும் 1960-களில் இந்தப் பூங்காவின் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவில் இருந்து வந்ததுதான்.

போகும்போது...

மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்கவே கூடாது. கெட்டியான தரை மாதிரி தெரிவது மெல்லிய ஓடுதான், அடியில் கொதிநீர். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீங்க. தொப்பி, செல்போன் விழுந்தால் விழட்டும், எடுக்கப் போக வேண்டாம்.

காசும் வீசக் கூடாது. 'மார்னிங் குளோரி' குளத்தில் பார்வையாளர்கள் போட்ட நாணயமும் குப்பையும் அடைத்து, சூடு குறைந்து, நீலமாக இருந்த குளம் ஓரங்களில் மஞ்சளாகிவிட்டது.

நடைபாதையில் நின்றால் கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கின் நிறம் முழுதாகத் தெரியாது, ஆவிதான் முகத்தில் அடிக்கும். ஃபேரி ஃபால்ஸ் பாதையில் கொஞ்சம் மேடேறினால் மேலிருந்து முழுக் குளத்தையும் பார்க்கலாம். கோடை மதியம்தான் சரியான நேரம். நவம்பர் முதல் ஏப்ரல் பாதி வரை பெரும்பாலான சாலைகளில் கார்களுக்கு அனுமதி கிடையாது.