7 நாள்... 4 நேஷனல் பார்க்... வேகாஸ் டு வேகாஸ் ரோடு டிரிப்! - கார் எடுக்கும் முன் இதைப் படிங்க

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் நின்றால், எதிரே வடக்கு விளிம்பு தெரியும். நேர்கோட்டில் சுமார் 16 கி.மீ.தான். ஆனா, காரில் அங்கே போய்ச்சேர 345 கி.மீ. சுத்தணும். 5 மணி நேரம்!

அமெரிக்காவின் தென்மேற்கில் ரோடு டிரிப் பிளான் பண்றவங்க சறுக்குவது இங்கேதான். ரீல்ஸ் பார்த்து ஒரு வாரத்தில் 10 இடம்னு லிஸ்ட் போட்டா, பாதி லீவு ஸ்டீயரிங் முன்னாடியே போயிடும். டெத் வேலி, ஸயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன்... 7 நாளுக்கு இந்த நாலும் போதும்.

காரை லாஸ் வேகாஸில் எடுத்து அங்கேயே திருப்பிக் கொடுங்க. வேறு ஊரில் விட்டால் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் கேட்பாங்க. 25 வயசு ஆகலையா? அதுக்கும் தனியா ஒரு தொகை உண்டு, புக்கிங்கிலேயே பார்த்துடுங்க.

முதல் நாள் டெத் வேலி. வேகாஸிலிருந்து சுமார் 2 மணி நேரம். இங்கே பேட்வாட்டர் பேசின் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கு. 1913 ஜூலையில் ஃபர்னஸ் கிரீக்கில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலகிலேயே பதிவான அதிகபட்ச வெப்பம் இதுதான்.

'நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தையே பார்த்தவங்க நாங்க' என்ற கெத்து இங்கே செல்லாது. 2024 ஜூலையில் பைக்கில் வந்த 6 பேரில் ஒருவர் வெப்பத்தால் இறந்தார். அன்னிக்கு 53 டிகிரி. அந்தச் சூட்டில் ஹெலிகாப்டர் பாதுகாப்பாகப் பறக்க முடியாது என்பதால், வான்வழி மருத்துவ உதவியும் வர முடியல. கோடையில் போறீங்கன்னா இந்த இடத்தை லிஸ்ட்டிலிருந்து தூக்கிடுங்க. ஏப்ரலும் அக்டோபர் கடைசியும்தான் இந்த ரூட்டுக்கு நல்ல நேரம்.

எப்போ போனாலும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் காரில் இருக்கணும். பெட்ரோல் பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிடுங்க. பல இடங்களில் சிக்னலே கிடைக்காது, மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணுங்க. அதுக்காக மேப் காட்டும் எல்லா மண் ரோட்டிலும் இறங்கிடாதீங்க, தார் ரோட்டிலேயே இருங்க. வண்டி நின்னுபோனா நடந்து போய் உதவி தேடக் கூடாது. வண்டி பக்கத்திலேயே நிழலில் இருக்கணும்.

இரண்டாம் நாள் ஸாப்ரிஸ்கி பாயின்ட்டில் சூரிய உதயம் பார்த்துட்டு, யூட்டா மாநிலத்திலுள்ள ஸயானுக்குக் கிளம்புங்க. சுமார் 450 கி.மீ. யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடிடும். இருட்டில் மான் குறுக்கே வரும் ரோடுகள் இவை, வெளிச்சத்திலேயே போய்ச்சேருங்க.

மூன்றாம் நாள் முழுக்க ஸயான். வருஷத்தின் பெரும்பகுதி உள்ளே சொந்த காரில் சுத்த முடியாது, இலவச ஷட்டில் பஸ்தான். ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏறணும்னா பெர்மிட் வேணும். 2022-லிருந்து இதைக் குலுக்கலில்தான் தர்றாங்க. கிடைக்கலைன்னா ஃபீல் பண்ணாதீங்க, செங்குத்துப் பாறை விளிம்பில் சங்கிலியைப் பிடிச்சு ஏறுவது எல்லாருக்கும் செட் ஆகாது.

நான்காம் நாள் பிரைஸ் கேன்யன். உயரம் 2,400 மீட்டருக்கு மேல். மூணு நாள் முன்னாடி வேர்வையில் நனைஞ்ச அதே நீங்க, இங்கே ஸ்வெட்டருக்குள் நடுங்குவீங்க!

ஐந்தாம் நாள் அரிசோனாவின் பேஜ் நகரம். அங்கே ஆன்டிலோப் கேன்யன் நவாஹோ பழங்குடியினரின் நிலம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டாங்க, நேஷனல் பார்க் பாஸும் செல்லாது. 1997 ஆகஸ்டில் எங்கேயோ தூரத்தில் பெய்த மழை வெள்ளமா வந்து, இந்தக் குறுகிய பள்ளத்தில் இருந்த 11 பயணிகளைக் கொன்றது. வானிலை சரியில்லைனு டூரை கேன்சல் பண்ணினா சண்டை போடாதீங்க.

இன்னொரு குழப்பம், நேரம். கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அரிசோனா தள்ளாது, ஆனா அதற்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலம் தள்ளும்! பேஜில் உங்க போன் எந்த டவரைப் பிடிக்குதோ அந்த நேரத்தைக் காட்டும். டூர் எந்த நேரக் கணக்குனு புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க.

ஆறாம் நாள் கிராண்ட் கேன்யன், தெற்கு விளிம்பு மட்டும். கீழே இறங்க இறங்க சூடு ஏறும். அதனால ஒரு மணி நேரம் இறங்கினா, ஏறி வர இரண்டு மணி நேரம்னு கணக்கு வைங்க.

பாஸ் விஷயம்: அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வருடாந்தர பாஸ் 80 டாலர். 2026-லிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 250 டாலர். அங்கே படிக்கும் ஃப்ரெண்டோட போறீங்கன்னா, பாஸ் யார் பேரில் வாங்குறதுனு முதல்லயே பேசி முடிச்சுடுங்க.

ஏழாம் நாள் காலை சூரிய உதயம், பிறகு வேகாஸுக்கு 450 கி.மீ. ரிட்டர்ன் ஃபிளைட்டை ராத்திரி 9 மணிக்கு மேல் போடுங்க.