மாலை வகுப்பும் ஆசிரியர் பயிற்சியும்

தமிழ் பேசத் தெரிந்தவர் எல்லாரும் தமிழ் கற்பிக்கத் தெரிந்தவர் ஆவரோ? சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம் இவ்வினாவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் பிள்ளைகள் பகலில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர்; இல்லத்தில் தமிழ் பேசுகின்றனர். ஆயினும், ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைத் தாமே படிக்க இயலாது தாயிடம் நீட்டும் பிள்ளைகள் நம்மிடையே பலர். இக்குறையைத் தீர்க்க வல்லது, பள்ளி விட்டபின் நடைபெறும் மாலை வகுப்பே. அதனை நடத்த முன்வருவோர் அன்புடையார் என்பதில் ஐயமில்லை. பயிற்சியும் உடையாரா என்பதே கேள்வி.

இதற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வட ஆர்க்காட்டின் தலைநகராய் இருந்த சித்தூர், 1911-இல் தனி மாவட்டமாயிற்று. கடப்பையைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியும் அதனோடு இணைந்தது. அம்மதனப்பள்ளிக்கு அருகே உள்ளது, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளி. அதன் கிராமக் கல்விப் பிரிவினர் சுற்றுப்புறச் சிற்றூர்களில் சிறு பள்ளிகளைத் தொடங்கினர். ஆங்கே ஓராசிரியரிடம் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். எல்லார்க்கும் பொதுவாய் ஒரே பாடம் சொல்லுதல் அவ்விடத்துக்கு ஒவ்வாது. ஆதலின், பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, அட்டைகளில் எழுதி, ஏணிபோல் வரிசைப்படுத்தினர். குழந்தை தன் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துக் கற்கும். முந்திச் சென்ற பிள்ளை பிந்தி வருவோனுக்கு உதவும். ஆசிரியரோ உதவி வேண்டுவோர் அருகில் அமர்வார்.

இம்முறையைக் கற்க எல்லை கடந்து வந்தவர்கள் தமிழ்நாட்டு ஆசிரியர்களே! சென்னை மாநகராட்சி ஆணையராய் இருந்த எம். பி. விஜயகுமார் தம் பள்ளிகளின் ஆசிரியரை ரிஷிவேலிக்கு அனுப்பினார். 2003-இல் 13 பள்ளிகளில் தொடங்கிய முயற்சி, 2007-இல் ‘செயல்வழிக் கற்றல்’ என்னும் பெயரால் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவிற்று. சில நாட்பயிற்சி இட்ட வித்து அத்துணைப் பெரிதாய் விளைந்தது.

மாலை வகுப்புக்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தும். கொரோனாப் பெருநோயால் பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் கற்றதை மறந்தபோது, தமிழ்நாட்டு அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிற்று. தொழில்முறை ஆசிரியர் அல்லாத தன்னார்வலர், குறுகிய பயிற்சி பெற்று, 1 முதல் 8 வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கற்பித்தனர். பள்ளி திறந்தபின் பிள்ளைகள் மீட்டுக்கொண்ட கற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வகுப்பினால் விளைந்தது என ஆராய்ச்சி ஒன்று கணித்தது.

அன்பர்களே, இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? மாலை வகுப்பு ஆசிரியர்க்கு நீண்ட படிப்பு வேண்டுவதில்லை; ஆனால் பயிற்சியே வேண்டாவென்பதும் தவறு. விடுமுறையில் மூன்று நாள் போதும். பிள்ளைகளை வயதால் அன்றி வாசிக்கும் திறத்தால் பிரித்தறிதல் முதல் நாள்; அட்டைகள் செய்தல் இரண்டாம் நாள்; ஒருவர் முன் ஒருவர் பாடம் நடத்திக் குறை திருத்திக்கொள்ளல் மூன்றாம் நாள். திங்கள் ஒன்று கழிந்தபின் மீண்டும் கூடி, கண்ட இடர்களைப் பேசித் தீர்த்தல் வேண்டும். இன்றேல், முதல் வாரம் நிறைந்த வகுப்பு மூன்றாம் திங்களில் வெறும் பாயாய்க் கிடக்கும்.

ஆண்டு விழாவுக்கு மேடை அமைக்கும் நாம், அம்மூன்று நாளுக்கும் இடம் அமைப்போமாக. அடுத்து வரும் அழைப்பிதழை நம் பிள்ளைகளே வாய்விட்டுப் படிக்கட்டும். நாம் கேட்டு மகிழ்வோம்!