பட்டாவில் யார் பேரு?

மலருக்கு எழுதச் சொன்னதும், அரசு விவசாயிக்குக் கொடுக்கிற உதவியோட கதையை எழுதலாம்னு தோணுச்சு. நம்ம பாலசமுத்திரத்தில் நாற்று நடுறதும் களை எடுக்கிறதும் நாமதான். ஆனா உதவி யார் பேருக்கு வருது?

முதல்ல இலவச கரண்ட். அது சும்மா வந்ததில்லை. 1970-ல் மின்கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பெருமாநல்லூரில் போராடிய மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை ரோடுகளில் மாட்டு வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், பிறகு கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு கரண்ட் இலவசமானது. ஆனா இன்னைக்கும் நம்ம வீடுகளில் அந்த இணைப்பு பெரும்பாலும் ஆம்பளைங்க பேரில்தான்.

1989 நமக்கு முக்கியமான வருஷம். தர்மபுரியில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தது அந்த வருஷம்தான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டுன்னு தமிழ்நாடு சட்டம் செய்ததும் அந்த வருஷக் கணக்குப்படிதான். ஆனா 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, கல்யாணமான மகள்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க அந்த உரிமையைக் கொடுத்தது.

2019 பிப்ரவரியில் பி.எம். கிசான் வந்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரா பேங்க் கணக்குக்கு. ஆரம்பத்தில் 5 ஏக்கர் வரை உள்ளவங்களுக்கு மட்டும், பிறகு எல்லா நில உரிமையாளருக்கும். பட்டாவில் பேர் இருக்கணும்.

எங்க மாமனார் அதுக்கு முன்னாடியே தவறிட்டார். நிலம் ஒன்றரை ஏக்கர், பட்டா அவர் பேரில். நாற்பது வருஷம் சேத்தில் நின்ன எங்க அத்தைக்கு, "பட்டா உங்க பேரில் இல்லையே"ன்னு பதில் வந்தது. பட்டா மாத்தலாம்னா கொழுந்தனார், "அம்மா பேரு எதுக்கு? எங்க ரெண்டு பேர் பேரும் போதும்"னார். என் வீட்டுக்காரரும் வாயைத் திறக்கலை.

2020-ல் தமிழ்நாட்டில் அந்தத் திட்டத்தில் மோசடி வெளியே வந்தது. தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேரைச் சேர்த்து, சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது. பேப்பர்ல படிச்சுக் காட்டினதும் அத்தை, "நிலமே இல்லாதவனுக்கு வருது, எனக்கு இல்லையா?"ன்னாங்க. எனக்குப் பதில் தெரியலை.

அந்த மாசக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். புருஷன் இறந்தா பிள்ளைகளைப் போலவே பொண்டாட்டிக்கும் ஒரு பங்கு சட்டப்படி உண்டுன்னு அங்கேதான் தெரிஞ்சது. குழு அக்கா ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து கொழுந்தனாரிடம் பேசினாங்க. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி, பல நடை நடந்து, மூணு பேர் பேரிலும் கூட்டுப் பட்டா ஆச்சு. முதல் 2,000 வந்தப்போ மெசேஜை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க அத்தை. விட்டுப்போன தவணைகள் வரவேயில்லை.

இதை எழுதுற எனக்கும் பிறந்த வீட்டு நிலத்தில் பங்கு உண்டு. அண்ணன்கிட்ட இன்னும் கேட்கலை, தயக்கம்தான். வர்ற பொங்கலுக்குப் போகும்போது கேட்கப் போறேன்.

நீங்களும் இ-சேவை மையத்தில் உங்க சிட்டாவை எடுத்துப் பாருங்க. இறந்தவங்க பேரில் இருந்தா இப்பவே மாத்துங்க. அதில் உங்க பேரும் இருக்கட்டும்.