எண்ணெய் மாசு வழக்குகளில் மக்கள் தொடர்பு உத்திகள்

நிலத்தையோ நீரையோ கடலையோ எண்ணெயால் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கம்பனிகள், நீதிமன்றத்துக்கு வெளியே மக்கள், ஊடகங்கள், அரச அதிகாரிகள், முதலீட்டாளர்கள் ஆகியோரைத் தம் பக்கம் திருப்பச் செய்யும் செயல்கள் இப்பெயரில் அடங்கும். ஊடக அறிக்கை, பத்திரிகை விளம்பரம், பணம் கொடுத்துப் பெறும் ஆய்வு, நிவாரணப் பணி, எதிர்வழக்கு என இவை பல வடிவம் எடுக்கும். பாதிக்கப்பட்டவர்களும் ஊடகங்களை நாடுவார்கள். ஆனால் கிணற்றுத் தண்ணீருக்காக வழக்காடும் ஒரு குடும்பத்துக்கும் உலகெங்கும் எண்ணெய் விற்கும் ஒரு கம்பனிக்கும் இதற்கெனச் செலவிடக்கூடிய பணம் ஒன்றாகாது. தீர்ப்பு வர எடுக்கும் ஆண்டுகளில் மாசு என்றால் என்ன, அதை யார் செய்தது, எவ்வளவு கொட்டியது என்னும் மூன்று கேள்விகளுக்கும் ஊரார் மனதில் ஒரு விடையைப் பதித்துவிடுவதே இவ்வுத்திகளின் அடிப்படை நோக்கம்.

இலங்கையில் இதை விளங்கிக்கொள்ள மிகவும் உதவுவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகம் வழக்கு. அங்கே எதிராளி எண்ணெய் தோண்டும் கம்பனி அல்ல. உலை எண்ணெயை எரித்து மின்சாரம் எடுத்த தனியார் கம்பனி. என்றாலும் எண்ணெய்க் கம்பனிகள் மீதான வழக்குகளில் எழும் வாதங்கள் பெரும்பாலும் அங்கேயும் எழுந்தன.

சுன்னாகம்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுன்னாகம் அடங்கிய வலிகாமப் பகுதி மக்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறுதான். அந்த நீர் தங்கியிருப்பது சுண்ணக்கல்லில். வெடிப்பும் பொந்தும் நிறைந்த அந்தக் கல்லில் மேலே கொட்டப்படுவது வடிகட்டப்படாமலே கீழே இறங்கும். ஒரு வளவில் இறங்கியது பக்கத்து வளவுக் கிணற்றிலும் தலைகாட்டும்.

சுன்னாகத்தில் இலங்கை மின்சார சபையின் மின் நிலையம் பல பத்தாண்டுகளாக இருந்து வந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில், எம்.டி.டி. வோக்கர்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நொதேர்ன் பவர் கம்பனி அங்கே மின்சாரம் உற்பத்தி செய்து சபைக்கு விற்றது. சுற்றியுள்ள கிணறுகளில் ஒயில் படலம் மிதக்கிறது, தண்ணீர் மணக்கிறது என்ற முறைப்பாடுகள் பெருகின. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளைச் சோதித்தபோது 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தன. 2015இன் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் கம்பனியின் மின் உற்பத்தி நின்றது. நல்லூரில் உண்ணாவிரதம் நடந்தது. பிரதேச சபைகள் பவுசர்களில் தண்ணீர் கொண்டுவந்து வீதியோரத் தாங்கிகளில் நிரப்பின. சொந்த வளவில் கிணறு இருந்தும் குடத்தோடு தாங்கிக்கு நடக்க வேண்டிய நிலை வந்தது.

சுற்றாடல், இயற்கைக் கற்கைகள் நிலையத்தின் தலைவர் கலாநிதி ரவீந்திர குணவர்தன காரியவசம் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்காகத் தெற்கிலிருந்து ஒருவர் நீதிமன்றப் படி ஏறியது இவ்வழக்கில் மறக்கக்கூடாத செய்தி. 2019 ஏப்ரல் 4இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, அப்பகுதி நிலத்தடி நீரைக் கம்பனி மாசுபடுத்தியது என்றும், மத்திய சுற்றாடல் அதிகார சபையும் முதலீட்டுச் சபையும் தமது கடமையில் தவறின என்றும் கண்டது. மக்கள் அடைந்த இழப்பின் ஒரு பகுதியையேனும் ஈடுசெய்வதற்காகக் கம்பனி 20 மில்லியன் ரூபா செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற் வழக்கிலேயே எடுத்துரைத்திருந்தது. சுன்னாகத்தில் அது தொகையாக மாறியது.

எதை அளப்பது என்ற சண்டை

சுன்னாகத்தில் மக்களை மிகவும் குழப்பியது ஆய்வறிக்கைகளின் முரண்பாடு. நீர் வழங்கல் சபை எண்ணெயும் கொழுப்பும் இருக்கின்றன என்றது. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் ஆகிய தீங்கான சேர்மங்கள் காணப்படவில்லை என்றது. ஒன்று ‘ஒயில் இருக்கு’ என்றும் மற்றது ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றும் ஊருக்குள் போய்ச் சேர்ந்தன. உண்மையில் இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளந்தன.

எண்ணெயும் கொழுப்பும் என்ற சோதனையில் நீர் மாதிரியைக் கரைப்பானுடன் குலுக்கி, பிரிந்து வருவதை நிறுத்துப் பார்ப்பார்கள். உலை எண்ணெயோடு சவர்க்காரக் கசடும் தாவரக் கொழுப்பும் அதில் சேர்ந்து வரலாம். ஆகவே ‘இது எங்கள் எண்ணெய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று எதிராளி கேட்க இடமுண்டு. பென்சீன் வகைச் சேர்மங்களோ எளிதில் ஆவியாகுபவை. பெற்றோலில் மிகுதி, கனமான உலை எண்ணெயில் மிகக் குறைவு. பல மாதம் வெயில்பட்ட திறந்த கிணற்றில் அவை இல்லை என்பது, அங்கே உலை எண்ணெய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். எண்ணெய் மிதப்பது. மேற்பரப்பில் அள்ளினால் ஒரு விடை, மோட்டரால் அடியிலிருந்து இறைத்து எடுத்தால் வேறு விடை. பிளாஸ்டிக் போத்தலில் எடுத்தால் எண்ணெய் அதன் சுவரில் ஒட்டி அளவு குறையும். கண்ணாடிப் போத்தலே முறை. இந்த நுணுக்கங்களை ஊடக அறிக்கை எதுவும் சொல்வதில்லை. ‘ஆய்வில் தீங்கான பொருள் எதுவும் கண்டறியப்படவில்லை’ என்ற ஒற்றை வரி போதும். எந்தப் பொருளைத் தேடினார்கள் என்று வாசகர் கேட்பது அரிது. இவ்வகை வழக்குகளில் மிகவும் வலுவான உத்தி இதுவே. பொய் சொல்லத் தேவையில்லாமல் இது வேலை செய்கிறது.

அளவைக் குறைத்துச் சொல்வது இதன் அடுத்த வடிவம். 2010 ஏப்ரலில் மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை வெடித்து 11 பேர் இறந்தபின், நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் எண்ணெய் கசிவதாக பி.பி. கம்பனி சொல்லிவந்தது. அமெரிக்க அரசின் பிற்கால மதிப்பீட்டின்படி தொடக்க நாள்களில் கசிந்தது சுமார் 62,000 பீப்பாய். முதலீட்டாளர்களை இவ்விடயத்தில் தவறாக வழிநடத்திய குற்றச்சாட்டைத் தீர்க்க, 2012இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்கு 525 மில்லியன் டொலர் செலுத்த அக்கம்பனி உடன்பட்டது. நைஜீரியாவின் போடோ கிராமத்தில் 2008இல் நேர்ந்த இரு குழாய்க் கசிவுகளிலும் கொட்டியது சுமார் 4,000 பீப்பாய்தான் என ஷெல் நீண்டகாலம் சொல்லி, இலண்டன் நீதிமன்றத்தில் 2014இல்தான் அது குறைந்த கணக்கு என ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு 55 மில்லியன் பவுண் கொடுத்து வழக்கு முடிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 2017 ஜனவரி 28இல் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியபோது, எண்ணெய் மாசு போன்ற சுற்றாடல் பாதிப்பு எதுவும் இல்லை என்று துறைமுகம் முதலில் அறிவித்தது. பின்னர் கரையெங்கும் கறுப்புக் கூழ் ஒதுங்கி, இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தபோது, இந்தியன் ஒயிலின் துணைக் கம்பனியான சென்னை பெட்ரோலியம் தன் குழாய்களில் கசிவில்லை என்றது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கசிவின் மூலம் அந்தச் சுத்திகரிப்பு ஆலைதான் என மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. காட்டுக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள், குழாயில் கசிவு உண்டா இல்லையா என்ற விவாதம் நடந்த அந்த நாள்களில், குளிக்கும் மக்கை வைத்து எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குழாய் உடையவில்லை என்ற கூற்று முழு உண்மையாகவே இருந்தாலும், ஆலை வளாகத்திலிருந்து வெள்ளம் எண்ணெயை இழுத்து வந்தது என்பதை அது மறுக்கவில்லை.

‘செய்தது வேறு ஆள்’

சுன்னாகத்தில் நொதேர்ன் பவர் குற்றச்சாட்டை மறுத்து, தனக்கு முன்பிருந்த மின் நிலையத்தையும் போர்க்காலத்தில் சேதமடைந்த எண்ணெய்த் தாங்கிகளையும் சுட்டியது. அவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். பல பத்தாண்டுகள் எண்ணெய் புழங்கிய நிலம் அது. ஆனால் ஒரே கிணற்றைப் பலர் கெடுத்திருந்தால் எவரும் பொறுப்பில்லை என்ற முடிவு அதிலிருந்து பிறக்காது. உயர் நீதிமன்றமும் கம்பனியைத் தப்பவிடவில்லை.

இதே வாதத்தின் மிகப் பெரிய அரங்கு எக்குவடோர். அமேசன் காட்டில் டெக்சாக்கோ 1960களிலிருந்து 1990 வரை எண்ணெய் எடுத்து, கழிவை மண்குழிகளில் விட்டது என்பது வழக்கு. 1993இல் நியூயோர்க்கில் தொடங்கிய வழக்கு எக்குவடோருக்கு மாற்றப்பட்டது. 2001இல் டெக்சாக்கோவை வாங்கிய செவ்ரோன், தன் பங்கைச் சுத்தம் செய்தாயிற்று, எஞ்சியது அரச கம்பனியான பெற்றோஎக்குவடோரின் வேலை என்று வாதிட்டது. 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இதைப்பற்றிய நிகழ்ச்சியை ஒளிபரப்பவிருந்த வேளை, சி.என்.என். முன்னாள் செய்தியாளர் ஒருவரைப் பணிக்கமர்த்தி, செய்தித் தொகுப்பைப் போலவே தோன்றும் காணொளியைச் செவ்ரோன் வெளியிட்டது. 2011இல் எக்குவடோர் நீதிமன்றம் விதித்த தொகை 2013இல் சுமார் 9.5 பில்லியன் டொலராகக் குறைக்கப்பட்டது.

இங்கே வாதிகளின் பக்கமும் சொல்லப்பட வேண்டும். அவர்களின் சட்டத்தரணி ஸ்டீவன் டொன்சிகரும் ஊடகத்தைப் பெரிதாக நம்பினார். வழக்கைப் பற்றிய ‘குரூட்’ ஆவணப்படத்துக்காகப் படக்குழு எடுத்து, படத்தில் சேர்க்காமல் விட்ட காட்சிகளை நீதிமன்றக் கட்டளை மூலம் பெற்ற செவ்ரோன், அவற்றையே அவருக்கு எதிரான சான்றாக்கியது. எக்குவடோர் தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என நியூயோர்க் நீதிபதி 2014இல் கண்டார். அந்த நியூயோர்க் வழக்கின் முக்கிய சாட்சியான முன்னாள் நீதிபதிக்குச் செவ்ரோன் பணம் கொடுத்து வந்ததும் பதிவில் உள்ளது. காட்டுக் குழிகளின் நிலை என்ன என்ற கேள்வி, வழக்கறிஞரின் நடத்தை என்ன என்ற கேள்வியாக மாறிப்போனது. அம்மக்களுக்கு அந்தத் தொகை வந்து சேரவில்லை.

பணமும் ஆய்வும் உதவியும்

1989இல் அலாஸ்காவில் எக்ஸொன் வல்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபின், ஜூரி விதித்த 5 பில்லியன் டொலர் தண்டத்தை எக்ஸொன் மேன்முறையீடுகளில் எதிர்த்தது. இடையில், ஜூரிகள் தண்டத் தொகையைத் தாறுமாறாக முடிவு செய்கிறார்கள் என்று காட்டும் கல்விசார் ஆய்வுகளுக்கு அக்கம்பனி நிதி வழங்கியது. 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டத்தைச் சுமார் 507 மில்லியன் டொலராகக் குறைத்தது. ஆனால் அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில், எக்ஸொன் நிதியளித்த ஆய்வுகளைத் தாம் ஆதாரமாகக் கொள்ளவில்லை என்று நீதிபதிகள் எழுதிவைத்தார்கள்.

பொறுப்பை ஏற்காமல் உதவுவது இன்னொரு வழி. நைஜீரியச் சுற்றாடல் போராளி கென் சரோ-விவாவின் தூக்குத் தண்டனை தொடர்பான வழக்கை 2009இல் 15.5 மில்லியன் டொலருக்கு முடித்த ஷெல், அதை மனிதாபிமானச் செயல் என்றே அறிவித்தது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. தாகத்தோடு இருப்பவருக்குத் தண்ணீர் யார் கொடுத்தாலும் நல்லதுதான். கொடுப்பவர் அதன் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பி, வாங்கியவரிடம் உரிமை துறக்கும் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கும்போதே அது உத்தியாகிறது.

எதிர்வழக்கு

விமர்சிப்பவர்களை வழக்குச் செலவால் ஓயவைக்கும் முயற்சியும் மக்கள் தொடர்போடு சேர்ந்தே நடக்கிறது. டகோட்டா எண்ணெய்க் குழாய்க்கு எதிரான போராட்டத்துக்காக கிறீன்பீஸ் அமைப்பின் மீது எனர்ஜி ட்ரான்ஸ்பர் கம்பனி தொடுத்த வழக்கில், வட டகோட்டா ஜூரி 2025 மார்ச்சில் 660 மில்லியன் டொலருக்கும் மேல் விதித்தது. நீதிபதி பின்னர் அதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டது. குடியியல் அவதூறு வழக்கு இன்னும் உண்டு. வாய்மூட வைக்கும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யும் தனிச்சட்டம் இல்லை. கிணற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசும் ஊர்ச் செய்தியாளருக்கு இந்த இடைவெளி சிறியதல்ல.

தீர்ப்பின் பின்

தீர்ப்பு வந்த பின்னும் இவ்வுத்திகள் ஓய்வதில்லை என்பதை எண்ணெய் அல்லாத ஒரு மாசு வழக்கு காட்டுகிறது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்துப் பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல், பிளாஸ்டிக் மணிகளாலும் இரசாயனங்களாலும் கடலைக் கெடுத்தது. கப்பல் கம்பனியின் தலைமை நிறைவேற்று அதிகாரி அடுத்த மாதமே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே கம்பனி தன் பொறுப்புத் தொகையைச் சுமார் 19 மில்லியன் பவுணுக்கு மட்டுப்படுத்தும் கட்டளையை இலண்டனில் 2023இல் பெற்றது. இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 24இல் 1 பில்லியன் டொலர் இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டபோது, அத்தொகையைச் செலுத்த முடியாது என்று அதே அதிகாரி செய்தி நிறுவனம் ஒன்றிடம் மறுத்துரைத்தார்.