வாளோடு பிறந்தவள்

"கில் பில்" முதற்பாகம் 2003இல் வந்தபோது, கடைசியில் பனித் தோட்டத்தில் நடக்கும் வாள்ச்சண்டையைப் பார்த்து வாய்பிளந்தவர்களில் நானும் ஒருவன். சண்டை முடிய ஒரு யப்பானியப் பெண்குரல் பாடும். அந்தக் குரலைத் தேடிப்போய்த்தான், வேலை முடிந்து வந்த ஒரு நடுச்சாமத்தில் "ஷுராயுகிஹிமே" என்ற 1973ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் "லேடி ஸ்னோபிளட்". பாடியவர் அதன் கதாநாயகி மெய்கோ காஜி. பார்த்தால், ரரன்ரீனோவின் பனியும் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது!

யப்பானில் இப்படியான படங்கள் பெருகியதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 1958இல் அங்கே ஒரு வருடத்தில் விற்ற சினிமா ரிக்கற்றுகள் 112 கோடிக்கு மேல். 1972இல் 19 கோடிகூட இல்லை. ரி.வி. வீட்டுக்குள் வந்துவிட்டது. 1971இல் தாயெய் நிறுவனம் வங்குரோத்தானது. அதே வருடம் நிக்கட்சு பாலியல் படங்களுக்குத் தாவ, காஜி அங்கிருந்து வெளியேறினார். நின்றுபிடித்தவர்கள் குறைந்த செலவில் கெதியாக எடுத்து, ரி.வி.யில் காட்டமுடியாததைக் காட்டினார்கள்.

பெண் வாள் தூக்குவது அங்கே புதிதல்ல. 1930களிலேயே தோக்கியோவின் அசகுசா கொட்டகைகளில் பெண்கள் வாள்வீசும் நாடகங்களுக்குக் கூட்டம் வந்தது. 1968இல் தோயெய் நிறுவனம் ஜுன்கோ ஃபுஜியைச் சூதாட்டக்காரி ஒர்யூ ஆக்கியது. 1972 வரை 8 படங்கள். 1969இல் ஷோச்சிக்கு, கண் தெரியாத வீரன் சட்டோயிச்சி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, கண் தெரியாத ஒயிச்சியை இறக்கியது. அவளுக்கு 4 படங்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கோ. சட்டோயிச்சி ஏன் வாள் வைத்திருக்கிறான் என்று ஒருவரும் பெரிதாகக் கேட்பதில்லை. பெண் தூக்கினால் மட்டும் காரணம் வேண்டும். ஒர்யூவுக்கு அப்பாவின் கொலை. காஜி நடித்த யுகிக்கோ, அவள் பிறந்ததே அந்தக் காரணத்துக்காகத்தான்.

கதை 1873இல் தொடங்குகிறது. மெய்ஜி அரசு கட்டாய இராணுவ சேவையைக் கொண்டுவந்த வருடம். அரச அறிவிப்பில் "இரத்த வரி" என்றொரு சொல் இருந்தது. உண்மையாகவே இரத்தம் எடுக்கப் போகிறார்கள் என்று நம்பிய கிராமத்துச் சனம் பல இடங்களில் கலகம் செய்தது. இது வரலாறு. படத்தில், இந்தப் பயத்தை வைத்து ஊராரிடம் காசு பறிக்கும் நாலு பேர், வெள்ளை உடுப்போடு வந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை ஆள்பிடிக்க வந்தவர் என்று சொல்லிக் கொல்கிறார்கள். அவரின் மகனையும் விடவில்லை. மனைவி அந்த நாலு பேரில் ஒருவனைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போகிறாள். மிச்சப் பேரைக் கொல்லப் பிள்ளை வேண்டும் என்று, சிறைக்காவலர்களோடு கூடிப் பெற்றவள்தான் யுகி. பெற்ற கையோடு தாய் செத்துப்போகிறாள். குடைக்காம்புக்குள் வாளை மறைத்துக்கொண்டு திரிகிற யுகி, தான் ஒருநாளும் கண்டிராத ஒரு குடும்பத்துக்காகக் கொல்கிறாள்.

முடிவைச் சொல்லப் போறன், கோவிக்காதேங்கோ. எதிரிகளில் ஒருவன் இப்போது குடிகாரன். மகள் தன் உடலை விற்று அவனுக்குச் சோறு போடுகிறாள். யுகி அவனையும் கொல்கிறாள். கடைசிப் பழியும் தீர்ந்து, காயத்தோடு பனிக்குள் தள்ளாடி வரும் யுகியை அந்த மகள் வந்து கத்தியால் குத்துகிறாள். இவளுக்கும் ஒரு தகப்பன் இருந்தான்தானே.

"கில் பில்"லிலும் தாயை வெட்டியதைப் பார்த்துக்கொண்டு ஒரு சின்னப்பிள்ளை நிற்கும். ரரன்ரீனோ பனியையும் பாட்டையும் மட்டும் எடுக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

மலிவான படம்தான். இரத்தம் தண்ணிக் குழாய்போலப் பீறிட்டு அடிக்கும், சிரிப்பும் வரும். ஆனால் யுகியின் முகத்தில் ஒரு வெற்றியும் தெரியாது, களைப்புத்தான் தெரியும். இரத்த வரி, ஆள்பிடிப்பு என்ற சொற்களுக்கு எங்கட ஆக்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் நடந்ததைச் சொல்லத்தான் வேணும். சொல்லும்போது அவர்களின் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதை, யுகியின் தாய் ஒருக்கால் யோசித்திருக்கலாம்.