நன்கொடையிலிருந்து சட்டத்திற்கு: கலிபோர்னியப் பள்ளி இசைக்கல்வியும் சமூக ஆதரவும் (1978–2022)

ஆய்வுச் சுருக்கம்

1978ஆம் ஆண்டின் சொத்து வரிக் கட்டுப்பாட்டிற்குப் பின் கலிபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் இசைக்கல்வி நலிவுற்றது. அதனைக் காக்கப் பெற்றோரும் பொதுமக்களும் நன்கொடை, வழக்கு, வாக்கெடுப்பு என மூன்று வழிகளை மேற்கொண்டனர். இம்மூன்றையும் வரலாற்று நோக்கில் ஒப்பிடும் இக்கட்டுரை, சமூக ஆதரவின் அளவைக் காட்டிலும் அது எடுத்த வடிவமே எந்தக் குழந்தைக்கு இசை கிடைத்தது என்பதைத் தீர்மானித்தது என நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: இசைக்கல்வி, சொத்து வரி, பள்ளி மாவட்டம், முன்மொழிவு 13, முன்மொழிவு 28, சமூக ஆதரவு.

முன்னுரை

பள்ளிகளின் நிதி சுருங்கும்போது இசைப் பாடம் நீக்கப்படுவதும், அதனை எதிர்த்துப் பெற்றோர் திரள்வதும், நிதி திரட்டி ஓர் இசைக்குழுவை மீட்பதும் அமெரிக்கக் கல்வி வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படும் நிகழ்வுகள். இவை பெரும்பாலும் வெற்றிக் கதைகளாகவே சொல்லப்படுகின்றன. ஆயின் ஒரு பள்ளியில் இசை மீட்கப்பட்ட அதே ஆண்டில் அண்டைப் பள்ளியில் அது மறைந்திருக்கலாம். கலிபோர்னிய மாநிலத்தின் நாற்பத்து நான்கு ஆண்டு வரலாறு இந்த முரணைத் தெளிவாகக் காட்டுகிறது.

சொத்து வரியும் பள்ளி நிதியும்

அமெரிக்க அரசுப் பள்ளிகளைப் பள்ளி மாவட்டங்கள் எனப்படும் உள்ளூர் அமைப்புகள் நடத்துகின்றன. 1970களின் தொடக்கம் வரை கலிபோர்னியாவில் இவற்றின் வருவாயில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து கிடைத்தது. எனவே நிலமதிப்பு மிகுந்த ஊரின் பள்ளி செழித்தது, ஏனையவை பின்தங்கின. 1968–69 கல்வியாண்டில் பால்ட்வின் பார்க் மாவட்டம் ஒரு மாணவருக்கு 577 டாலரும், செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலரும் செலவிட்டன. இவ்விரு ஊர்களுள் வரி விகிதம் இரு மடங்கிற்கும் மேலாக இருந்தது பால்ட்வின் பார்க்கிலேயே. இந்த ஏற்றத்தாழ்வு சமத்துவ உரிமைக்கு முரணானது என்று மாநில உச்ச நீதிமன்றம் செரானோ எதிர் பிரீஸ்ட் வழக்கில் 1971ஆம் ஆண்டு கூறியது. 1976இல் அதனை மாநில அரசமைப்பின் அடிப்படையிலும் உறுதிசெய்தது.

அக்காலத்தில் வீட்டு விலைகளோடு வரியும் விரைந்து உயர்ந்தது. வருவாய் உயராத முதியோர் தம் வீட்டையே இழக்க நேரும் என அஞ்சினர். இந்த அச்சத்தின் பின்னணியில், ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் ஆகியோர் கொணர்ந்த முன்மொழிவு 13, 1978 ஜூன் 6 அன்று ஏறத்தாழ 65 விழுக்காடு வாக்குகளுடன் நிறைவேறியது. சொத்து வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சொத்து கைமாறும்வரை மதிப்பீடு ஆண்டுக்கு 2 விழுக்காட்டிற்கு மேல் உயரக்கூடாது. குறிப்பிட்ட நோக்கத்திற்கான உள்ளூர் வரிக்கு மூன்றில் இரு பங்கு வாக்காளர் ஒப்புதல் வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள். சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேலாகக் குறைந்தது. பள்ளி நிதியைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு மாநில அரசிடம் சென்றது. தம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டிய வரியைத் தாமே உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பை ஊரார் பெரிதும் இழந்தனர்.

இசை முதலில் நீங்கிய காரணம்

கலிபோர்னியக் கல்விச் சட்டம் கலைப் பாடங்களைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே குறிப்பிடுகிறது. எனினும் எத்தனை மணிநேரம் கற்பிக்க வேண்டும் என்பதை மாவட்டங்களின் விருப்பத்திற்கு விட்டிருந்தது. இந்த நெகிழ்ச்சியே வெட்டுக்கு இடமளித்தது.

வெட்டு பெரிதும் விழுந்த இடம் தொடக்கப்பள்ளி. அங்கு இசைக்கருவி கற்பிப்பவர் பெரும்பாலும் ஒரே பள்ளிக்குரியவர் அல்லர். பல பள்ளிகளுக்குச் சுழற்சி முறையில் சென்று சிறு குழுக்களுக்குக் கற்பிப்பவர். அவர் பணியிடத்தை நீக்கினால் எந்த வகுப்பறையும் ஆசிரியரின்றி நிற்பதில்லை. ஆனால் நான்காம், ஐந்தாம் வகுப்பில் வயலினோ கிளாரினெட்டோ தொடாத குழந்தை நடுநிலைப் பள்ளியின் பல்லியக் குழுவில் சேர்வதரிது. அங்கிருந்து மாணவர் வராவிடில் உயர்நிலைப் பள்ளிக் குழுவும் மெலியும். ஆகவே இழப்பு உடனே தென்படாமல் ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. அதற்குள் வெட்டியவர்களும் எதிர்த்தவர்களும் அப்பள்ளியை விட்டு நீங்கியிருந்தனர்.

2002இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டம் வாசிப்பு, கணிதத் தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு பள்ளிகளை அளவிட்டபோது நெருக்கடி மேலும் கூடியது. 1999–2000 முதல் 2003–04 வரையிலான மாநிலத் தரவுகளை ஆராய்ந்து 2004இல் மியூசிக் ஃபார் ஆல் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையின்படி, மொத்த மாணவர் எண்ணிக்கை 5.8 விழுக்காடு உயர்ந்த அக்காலத்தில் இசை வகுப்புகளில் பயின்றோர் விகிதம் பாதியாகக் குறைந்தது; இசை ஆசிரியர் எண்ணிக்கை 26.7 விழுக்காடு சரிந்தது.

நன்கொடையின் வழி

சமூகத்தின் முதல் எதிர்வினை நன்கொடையே. பெற்றோர் கழகங்களும், இசைக்குழு ஆதரவாளர் மன்றங்களும், உள்ளூர்க் கல்வி அறக்கட்டளைகளும் பணம் திரட்டின. தின்பண்டம் விற்றும், மகிழுந்து கழுவியும், கச்சேரி நடத்தியும் சேர்த்த பணம் பல குழுக்களைக் காத்தது. இதில் வெளிப்பட்ட உழைப்பும் ஈடுபாடும் குறைத்து மதிப்பிடத்தக்கன அல்ல.

எனினும் இவ்வழிக்கு இரு வரம்புகள் இருந்தன. ஒன்று, ஆதரவாளர் மன்றங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சுற்றியே உருவாயின. சீருடை அணிந்து விளையாட்டுத் திடலில் முழங்கும் உயர்நிலைப் பள்ளி அணிவகுப்புக் குழுவிற்குப் புரவலர் கிடைத்தனர்; பத்து வயதுக் குழந்தையின் முதல் வயலின் வகுப்பிற்கு அவ்வாறு கிடைப்பது அரிதாயிற்று. கிளைக்கு நீர் ஊற்றப்பட்டது, வேர் காய்ந்தது.

மற்றொன்று, செல்வ வேறுபாடு. செரானோ தீர்ப்பு வரியின் வாயிலாக விலக்க முயன்ற ஏற்றத்தாழ்வு நன்கொடையின் வாயிலாகத் திரும்பியது. சான்டா மோனிகா–மாலிபு மாவட்டத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் பெற்றோர் கழகம் ஒரு மாணவருக்கு 2,000 டாலருக்கு மேல் திரட்டியது. அதே மாவட்டத்தின் மற்றொரு பள்ளி 100 டாலரையும் எட்டவில்லை. ஆசிரியர் பணியிடங்களுக்கான நன்கொடையை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகத் திரட்டிப் பகிர வேண்டும் என அம்மாவட்டக் கல்விக் குழு 2011இல் முடிவு செய்தபோது மாலிபுப் பெற்றோர் பலர் கடுமையாக எதிர்த்தனர். தம் குழந்தைக்காகக் கொடுக்க முன்வந்தோர் அனைவரும் ஊர்க் குழந்தைகளுக்காகக் கொடுக்க முன்வரவில்லை.

நீதிமன்றத்தின் வழி

இரண்டாம் வழி வழக்கு. 1980ஆம் ஆண்டு வசந்த காலத்தில் சான்டா பார்பரா உயர்நிலைப் பள்ளி மாவட்டம் தன் செலவில் 11 லட்சம் டாலரைக் குறைத்தது. பல்லியக் குழு, சேர்ந்திசைக் குழு, நாடகம், விளையாட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் பங்கேற்க 25 டாலர் கட்டணம் விதித்தது. ஏழை மாணவர் விண்ணப்பித்தால் விலக்குப் பெறலாம் என்றும் அறிவித்தது. இரு பிள்ளைகளின் தாயான பார்பரா ஹார்ட்செலும், உள்ளூர் அமைப்புகள் பல இணைந்த மாணவர் கட்டண எதிர்ப்புக் கூட்டணியும் வழக்குத் தொடர்ந்தனர். கீழ்நீதிமன்றத்தில் தோற்ற அவ்வழக்கில் 1984 ஏப்ரல் 20 அன்று மாநில உச்ச நீதிமன்றம் கட்டணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. மாநில அரசமைப்பு உறுதிசெய்யும் இலவசக் கல்வி இந்நடவடிக்கைகளையும் உள்ளடக்கும் என்பதும், ஏழைகளுக்கான விலக்கு இக்குறையைப் போக்காது என்பதும் தீர்ப்பின் சாரம்.

இசை கற்றல் சலுகையன்று, கல்வியின் ஒரு பகுதி என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஆயின் இசைக்குழுவை நடத்தியே ஆக வேண்டும் என அது ஆணையிடவில்லை. இருக்கும் குழு இலவசமாக இருக்க வேண்டும் என்பதே அதன் எல்லை. கட்டணம் பெற இயலாத மாவட்டம் குழுவையே கலைத்துவிட்டால் பெற்றோர் முறையிட இடமில்லை. உரிமைக்கு நிதி துணையாக வேண்டியிருந்தது.

வாக்குச்சீட்டின் வழி

அந்நிதியைத் தேடியது மூன்றாம் வழி. பெர்க்லி நகர வாக்காளர் 1986இல் கட்டடப் பரப்பளவின் அடிப்படையிலான சிறப்பு வரியொன்றைத் தம் மீதே விதித்துக்கொண்டனர். சிறு வகுப்புகள், நூலகம் ஆகியவற்றோடு இசைக்கும் துணைநின்ற அவ்வரி பின்னர் பலமுறை வாக்காளரால் புதுப்பிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ வாக்காளர் 2004 மார்ச்சில் நகர நிதியிலிருந்து பள்ளிகளுக்கு ஒரு தொகுப்பை ஒதுக்கினர். அதில் மூன்றில் ஒரு பங்கு விளையாட்டு, நூலகம், கலை, இசை ஆகியவற்றுக்கு உரியது. இவை நகர எல்லைக்குள் எல்லாப் பள்ளிகளையும் சென்றடைந்தன. ஆனால் மூன்றில் இரு பங்கு ஒப்புதலோ போதிய நகர வருவாயோ கிட்டாத ஊர்களுக்கு இவ்வழி எட்டாதது.

2022 நவம்பர் 8 அன்று மாநிலம் முழுமைக்குமான முன்மொழிவு 28 வாக்கெடுப்புக்கு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டத்தின் முன்னாள் கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர் முன்னெடுத்த இதனை ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வாக்காளர் கையேட்டில் எதிர்வாதம் எதுவும் இடம்பெறவில்லை. பள்ளிகளுக்கான குறைந்தபட்ச உறுதி நிதியில் 1 விழுக்காட்டிற்கு ஈடான தொகை ஆண்டுதோறும் கலை, இசைக் கல்விக்குக் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. முதலாண்டில் இது 90 கோடி டாலரைத் தாண்டியது.

முந்தைய வழிகளின் குறைகளை இச்சட்டத்தின் அமைப்பு கருத்தில் கொண்டுள்ளது. தொகையில் 70 விழுக்காடு மாணவர் எண்ணிக்கைப்படியும், 30 விழுக்காடு வறிய மாணவர் எண்ணிக்கைப்படியும் பகிரப்படுகிறது. 500 மாணவருக்குக் குறையாத மாவட்டங்கள் 80 விழுக்காட்டை ஆசிரியரையும் பணியாளரையும் அமர்த்தவே செலவிட வேண்டும். முன்னர்ச் செலவிட்ட தொகையை நிறுத்திவிட்டு இப்பணத்தை அவ்விடத்தில் வைத்தல் கூடாது.

இறுதி விதியே செயற்பாட்டில் கடினமாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் புதிய நிதியைப் பழைய செலவிற்கு மாற்றாகப் பயன்படுத்தியது எனக் குற்றஞ்சாட்டி 2025இல் பெற்றோரும் பியூட்னரும் வழக்குத் தொடர்ந்தனர். பல்லாண்டு வெட்டினால் இசை ஆசிரியராகப் பயின்றோர் தொகை குறைந்திருந்ததும் தடையாயிற்று. பணம் ஓராண்டில் வரலாம். ஆசிரியர் உருவாகப் பல்லாண்டு வேண்டும்.

முடிவுரை

1978இல் வரியைக் கட்டுப்படுத்தியோரும் 2022இல் இசைக்கு நிதி ஒதுக்கியோரும் ஒரே மாநிலத்தின் வாக்காளரே. எனினும் முன்மொழிவு 28 புதிய வரி எதனையும் விதிக்கவில்லை. முன்மொழிவு 13இன் அடிப்படை வரம்பும் நீடிக்கிறது. இசையின் மீதான பற்று கலிபோர்னிய மக்களிடம் எக்காலத்தும் குறைந்ததாகச் சான்றில்லை. குறைந்தது அப்பற்றை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக்கும் ஏற்பாடு. நன்கொடை தனிப் பள்ளிகளைக் காத்தது. வழக்கு கட்டணத்தை நீக்கியது. சட்டம் நிதியைப் பரவலாக்கியது. மூன்றும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்ப எழுந்தவை. சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் பெற்றோர் கணக்குக் கேட்க வேண்டியிருந்தது என்பது, சமூக ஆதரவு நிதி திரட்டுவதோடும் வாக்களிப்பதோடும் முடிவதன்று என்பதை உணர்த்துகிறது. தன் குழந்தை பயிலாத பள்ளியின் இசை வகுப்பிற்காகவும் ஒருவர் கேள்வி எழுப்பும்போதே அவ்வாதரவு முழுமை பெறுகிறது.